‘அற்றைத் திங்கள்’ பாடலை எப்படிப் படிப்பது?

‘அற்றைத் திங்கள்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டிராத தமிழர் குறைவு. திரைப்பாட்டின் வழியே அவை காதலர்களின் சொற்களாகப் பலருக்கு அறிமுகமாயின. மேடைகளில் ‘எதுவும் நிலையில்லை’ என்பதற்கு மேற்கோளாக வருகின்றன. பள்ளியில் இது ‘தந்தையை இழந்த பெண்களின் சோகப் பாட்டு’. என் பள்ளிக்காலத் தேர்வு ஒன்றில் இந்தப் பாடலைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, அந்தப் பெண்களின் பெயர்களை எழுதுக என்பதுதான். அங்கவை, சங்கவை என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பெயர்கள் சங்கப் பாடல்களில் எங்கும் இல்லை, பிற்காலத் தனிப்பாடல் மரபில் வந்தவை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

சோகம் என்று சொல்லிவிட்டால் பாடல் விளங்கிவிட்டது போலத் தோன்றும். ஐந்தே அடி; அழுகை இல்லை; கண்ணீர் என்ற சொல்கூட இல்லை. பிறகு எதனால் இது நம்மை இப்படிப் பிடித்து நிறுத்துகிறது? விடை பாடலின் இலக்கணத்துக்குள் இருக்கிறது. இலக்கணம் என்றதும் தயங்க வேண்டாம். நாம் அன்றாடம் பேசும்போது செய்வதைத்தான் இந்தப் பாடலும் செய்கிறது.

பாடல் இது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

புறநானூற்றில் 112ஆம் பாடல். பாடியவர்கள் ‘பாரி மகளிர்’. வழக்கமாகச் சொல்லப்படும் பொருள்: அன்றைய திங்களில், அந்த வெண்ணிலவில், எங்கள் தந்தை எங்களுக்கு இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய திங்களில், இந்த வெண்ணிலவில், வென்று முழக்கும் முரசுடைய வேந்தர் எங்கள் குன்றைக் கொண்டுவிட்டார்கள். எங்கள் தந்தையும் எங்களுக்கு இல்லை.

இந்த உரைநடையில் ஒரு பிழை இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

பின்னணி, தேவையான அளவுக்கு

பாரி பறம்பு மலையின் தலைவன். அவனுடைய நாட்டில் முந்நூறு ஊர்கள். முந்நூறையும் பரிசிலர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டார்கள் என்கிறார் அவனுடைய நண்பர் கபிலர் (புறம் 110). பற்றிப் படரக் கொம்பில்லாத முல்லைக் கொடிக்குத் தன் தேரைக் கொடுத்தவன் இவன்தான். சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டார்கள். முடிவில் பாரி இறந்தான், மலை போயிற்று. அவனுடைய மகள்களைக் கபிலர் அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் பாடலை மறுபடி பாருங்கள். பாரி என்ற பெயர் அதில் இல்லை. பறம்பு இல்லை. போர், முற்றுகை, சாவு எதுவும் இல்லை. பெயர்களையெல்லாம் பாட்டின் கீழே குறிப்பு எழுதிய தொகுப்பாளர்கள் தருகிறார்கள். பாடும் பெண்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. வீட்டில் யாராவது ‘அப்பா, கொல்லைப்புறம்’ என்று பேசும்போது முழுப்பெயரும் கதவு எண்ணும் சொல்வதில்லை அல்லவா?

ஆறு வித்தியாசங்கள்

வார இதழ்களில் ‘ஆறு வித்தியாசங்கள்’ என்று இரண்டு படங்கள் போடுவார்கள். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். நாய்க்கு வால் இருக்காது, சன்னலில் ஒரு கம்பி குறையும். எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால்தான் அந்தச் சிறிய குறை கண்ணில் குத்துகிறது. முற்றிலும் வேறான இரண்டு படங்களைப் போட்டால் தேட எதுவும் இருக்காது.

பாரி மகளிர் செய்வது இதுவே. முதல் அடியையும் மூன்றாம் அடியையும் அடுத்தடுத்து வையுங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்

மாறியவை இரண்டே எழுத்துகள். இரண்டு இடத்திலும் ‘அ’ போய் ‘இ’ வந்திருக்கிறது. அவன், இவன், அங்கே, இங்கே என்று தொலைவையும் அண்மையையும் சுட்டிக்காட்டும் இந்த எழுத்துகளுக்குச் சுட்டெழுத்து என்று பெயர். ஒரு குழந்தை பேசத் தொடங்கும்போதே கைநீட்டிக் கற்றுக்கொள்ளும் எழுத்துகள். ஓர் ஆட்சி போனதைச் சொல்ல இந்தப் பெண்கள் எடுத்த கருவி இவ்வளவு எளியது.

இங்கே இரண்டு சொற்களைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘அற்றை’ என்பது ‘அன்று’ என்பதன் இன்னொரு வடிவம். பண்டு என்பது பண்டைக் காலம் என்று வருவதைப் போல. ‘இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன்’ என்று இன்றும் எழுதுகிறோமே, அந்த ‘இற்றை’தான் மூன்றாம் அடியில் இருப்பது. ‘திங்கள்’ நிலாவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். இங்கே அடுத்த சொல்லாக நிலவு வந்துவிடுவதால், ‘அந்த மாதத்து வெண்ணிலவு’ என்று கொள்வதே இயல்பு. பலர் ‘போன மாதம்’ என்று பொருள் சொல்கிறார்கள். பாட்டில் ‘போன’ இல்லை. ‘அன்றைய’ மட்டும்தான். இடையில் எத்தனை மாதம் என்பதைப் பாடல் சொல்லவில்லை.

நிலா மாறவில்லை என்பதை ஒரு கண்ணில்லாத இயற்கையின் கொடுமையாகச் சிலர் விளக்குகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நிலா இங்கே படப்புதிரின் மாறாத பாதி. அது அப்படியே இருந்தால்தான் குறைந்தது எது என்று தெரியும்.

சுருக்கமாக, பாடல் ஒரே சட்டத்துக்குள் இரண்டு இரவுகளை வைக்கிறது. சட்டம் மாறாததால் உள்ளே மாறியவை துலக்கமாகின்றன.

மாறியவை எவை?

முதல் இரவில் வரிசை: எந்தை, பிறகு குன்று. இரண்டாம் இரவில்: குன்று, பிறகு எந்தை. தலைகீழாகிவிட்டது. இருந்ததைச் சொல்லும்போது தந்தை முதலில் வருகிறார். இழந்ததைச் சொல்லும்போது அவர் கடைசிக்குத் தள்ளிப்போகிறார். துக்க வீட்டில் பேசுகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஆஸ்பத்திரி, பில், வண்டி கிடைக்காதது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சொல்ல முடியாததை இறுதியில் சொல்வார்கள்.

வினைகளையும் பாருங்கள். குன்றைப் பற்றிச் சொல்லும்போது ‘கொண்டார்’ என்கிறார்கள். செய்தவர் யார் என்று தெரிகிறது: வேந்தர். தந்தையைப் பற்றிச் சொல்லும்போது ‘கொன்றார்’ என்று சொல்லவில்லை. ‘இலமே’ என்கிறார்கள். நாங்கள் தந்தை இல்லாதவர்கள் என்பதுதான் அதன் பொருள். கொலை, கொன்றவர், முறை எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. ஆனால் ‘வேந்தர் கொண்டார்’ என்பதற்கு ஒட்டியே அது நிற்பதால் கேட்பவர் மனம் தானாக இரண்டையும் இணைத்துவிடுகிறது. குற்றச்சாட்டை அவர்கள் சொல்லவில்லை. நம்மைச் சொல்ல வைக்கிறார்கள்.

மாறாமல் போன ஒரு சொல்லும் உண்டு. அதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. ‘எம் குன்று’ என்று முதல் இரவில் சொன்னார்கள். வேந்தர் கொண்ட பிறகும் ‘எம் குன்று’ என்றுதான் சொல்கிறார்கள். விற்றுப்போன பூர்வீக வீட்டின் தெருவில் பஸ் திரும்பும்போது, சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மா ‘அதோ நம் வீடு’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பத்திரம் மாறிவிட்டது, அம்மாவின் சொல் மாறவில்லை.

செய்யுள் அமைப்பு இதற்கு ஒரு கூர்மை தருகிறது. ஒவ்வோர் அடியும் சின்னச் சின்ன ஓசைத் துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டுக்குச் சீர் என்று பெயர். இரண்டாம் அடியில் ‘எம்’ என்ற சொல் ‘உடையேம்’ என்பதோடு சேர்ந்து ஒரே சீராக நிற்கிறது: உடையேமெம். நான்காம் அடியில் அதே ‘எம்’ வேந்தரோடு ஒட்டிக்கொள்கிறது: வேந்தரெம். அடி அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘குன்றும்’ அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. இந்த யாப்பில் கடைசிக்கு முந்தைய அடி ஒரு சீர் குறைவாக வருவது வழக்கம்தான், இவர்கள் கண்டுபிடித்தது அல்ல. இருந்தாலும் வாய்விட்டுப் படியுங்கள். ‘வேந்தரெம்…’ என்று குரல் தொங்கி நிற்கும் அந்த இடத்தில் குன்று கைநழுவுவது கேட்கும்.

காலம் இல்லாத வாக்கியங்கள்

முதலில் சொன்ன பிழைக்கு வருகிறேன். ‘எங்கள் தந்தை எங்களுக்கு இருந்தார்’ என்று உரைநடையில் எழுதினேன். பாடலில் அந்த ‘இருந்தார்’ இல்லை.

பழைய ஆல்பத்தை ஒருவரிடம் காட்டும்போது எப்படிப் பேசுகிறோம்? ‘இது அப்பா. இது எங்கள் வீடு. இது கிணற்றடி.’ அப்பா இறந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கலாம். வீடு இடிந்திருக்கலாம். ஆனாலும் படத்தைத் தொடும் விரலுக்கு ‘இருந்தார்’ என்று சொல்ல வருவதில்லை. காலம் காட்டும் சொல் இல்லாமலே தமிழில் முழு வாக்கியம் அமையும்.

‘உடையேம்’ அப்படிப்பட்ட சொல். இப்படிக் காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினைக்குக் குறிப்பு வினை என்று பெயர். நல்லன், கரியன், உடையேன், இலம் எல்லாம் இந்த வகை. ‘உடையேம்’ என்றால் உடையவர்களாக இருந்தோம் என்றும் ஆகும், இருக்கிறோம் என்றும் ஆகும். அடுத்து வரும் ‘கொளார்’ எதிர்மறை. அதற்குள்ளும் காலம் காட்டும் எழுத்து இல்லை. ஆகவே முதல் இரண்டு அடிகளில் நேற்று என்பதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் ‘அற்றை’ என்ற ஒரு சொல்லின் தலையில் இருக்கிறது. அதைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: ‘எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்.’ அப்பா இருக்கிறார். மலை பத்திரமாக இருக்கிறது. அவர்கள் இன்னும் அந்த நிலவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு ‘கொண்டார்’ வருகிறது. ஐந்து அடிகளிலும் இறந்த காலத்தைத் தெளிவாகக் காட்டி முடியும் வினை இது ஒன்றுதான். நடந்து முடிந்தது, இனித் திருத்த முடியாது என்று சொல்லும் ஒரே இடம்.

‘எறி முரசு’ என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எறிதல் என்பது இங்கே அறைதல், அடித்தல். எறிந்த முரசு, எறிகின்ற முரசு, எறியும் முரசு என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும் தொடர் இது. இதை வினைத்தொகை என்பார்கள். ஊறுகாய் என்று சொல்கிறோமே, அதேபோல. வேந்தரின் முரசு அன்று அடித்தது, இன்று அடிக்கிறது, நாளையும் அடிக்கும். பெண்களின் வாக்கியங்களில் காலம் நின்றுபோயிருக்க, வென்றவர்களின் முரசு மட்டும் எல்லாக் காலத்திலும் ஒலிக்கிறது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: வரிசை தலைகீழாகிறது, குன்றுக்குப் பறித்தவர் உண்டு, தந்தைக்கு அது சொல்லப்படவில்லை, ‘எம்’ மாறவில்லை, இருந்த காலத்துக்குக் காலமே குறிக்கப்படவில்லை.

அதிகாரம் என்பது என்ன, இவர்கள் கண்ணில்?

ஆட்சியை இழந்தவர்கள் பேசினால் எதைப் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்போம்? முடி, படை, யானை, கோட்டை. பாரி மகளிர் இவற்றில் ஒன்றையும் தங்களுடையதாகச் சொல்லவில்லை. முரசுகூட எதிரியுடையது. தங்கள் பக்கத்து ஆட்சியைப் பற்றி அவர்கள் சொல்வது ‘பிறர் கொளார்’ என்பது மட்டும். நாங்கள் ஆண்டோம் என்று சொல்லவில்லை. பிறர் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்.

பல்வலி வந்த பிறகுதான் வலியில்லாத நாள் என்று ஒன்று இருந்ததே நினைவுக்கு வருகிறது. பாதுகாப்பும் அப்படிப்பட்டதுதான். மலை பறிபோன பிறகே ‘அன்று யாரும் பறிக்கவில்லை’ என்ற வாக்கியத்தைச் சொல்ல முடியும். பறம்பில் நிலவு காய்ந்த அந்த இரவில் இந்தப் பெண்கள் இப்படி ஒரு வரியைப் பாடியிருக்கவே முடியாது.

இன்னொன்று. முதல் இரண்டு அடிகளில் ‘யாம்’ என்ற எழுவாய் தனியே வரவில்லை. உடையேம் என்பதன் விகுதிக்குள் அடங்கியிருக்கிறது. ஐந்தாம் அடியில்தான் ‘யாம்’ வெளிப்படையாக வருகிறது. தந்தையும் குன்றும் போன பிறகு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதிலும் ‘நாம்’ இல்லை, ‘யாம்’. வந்த விருந்தாளியிடம் ‘நாங்கள் சாப்பிட்டாயிற்று’ என்றால் அவர் அதில் சேரவில்லை. ‘நாம் சாப்பிடலாம்’ என்றால் சேர்ந்துவிட்டார். யாம் என்பது அந்த ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளாத சொல். நாம் பாடலைப் படித்து எவ்வளவு உருகினாலும் அந்தச் சகோதரிகள் நம்மை உள்ளே விடவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இது நிலையாமைப் பாட்டா?

இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ‘எல்லாம் ஒருநாள் போகும்’ என்று பொதுவாகச் சொல்லும் பாடல்களும் புறநானூற்றில் உள்ளன. அவற்றுக்குப் பெருங்காஞ்சி என்று ஒரு வகையே தனியாக உண்டு. பாடல் எந்தச் சூழலைப் பற்றியது என்று சொல்லும் இந்த வகைக்குத் துறை என்று பெயர். 112ஆம் பாட்டைத் தொகுத்தவர்கள் பெருங்காஞ்சியில் வைக்கவில்லை. கையறுநிலை என்ற துறையில் வைத்தார்கள். இன்று செய்தித்தாளில் கையறு நிலை என்றால் ‘எதுவும் செய்ய இயலாத நிலை’. துறைப்பெயராக அது இன்னும் குறிப்பானது: ஒருவர் இறந்தபின் அவரைச் சார்ந்திருந்தோர் செயலற்றுப் புலம்புவது.

வேறுபாடு சிறியதல்ல. காலம் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று சொன்னால் யார்மீதும் பழி இல்லை. இந்தப் பாட்டில் காலம் எதையும் தின்னவில்லை. நிலா அதே வெண்மையோடு இருக்கிறது. எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முரசு இருக்கிறது. ‘வென்றெறி முரசின்’ என்ற அடைமொழியை இகழ்ச்சிக் குறிப்பாகவே படிக்கும் மரபும் உண்டு: ஒரு சிறு மலைத்தலைவனை மூன்று பேரரசர் சேர்ந்து வளைத்ததற்கு வெற்றி என்று பெயரா என்று. நூலின் வரிசை இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. இதற்கு முந்தைய 111ஆம் பாட்டில் கபிலர், இந்தக் குன்றை வேலால் வெல்வது வேந்தருக்கு அரிது, கிணை என்னும் பறையோடு ஒரு பெண் பாடிக்கொண்டு வந்தால் அவளுக்கு எளிது என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் வேந்தரின் முரசு. கிணைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மலை முரசுக்குப் போயிற்று.

அடுத்த பாடல்களோடு சேர்த்துப் படித்தால்

பாரி மகளிரின் பாடலாகப் புறநானூற்றில் இருப்பது இது ஒன்றே. ஆனால் இதைத் தனியே விட வேண்டாம். 113 தொடங்கிக் கபிலர் பாடியவற்றையும் சேர்த்துப் படியுங்கள். 116ஆம் பாட்டில் அவர் இந்தப் பெண்களைப் பார்க்கிறார். முள்வேலியிட்ட சிறிய வீடு. பீர்க்கும் சுரையும் படர்ந்த இடத்தில் ஈச்சிலைக் குப்பைமேல் ஏறி நின்று, உப்பு வணிகரின் வண்டிகள் வரிசையாகப் போவதை அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு தந்தையின் நெடிய மலைமேல் ஏறி நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள். ஏறுவதும் எண்ணுவதும் மாறவில்லை. மலை இருந்த இடத்தில் குப்பை மேடு, குதிரை இருந்த இடத்தில் உப்பு வண்டி. பெண்கள் கையாண்ட அதே முறையைக் கபிலரும் எடுத்துக்கொண்டார். நடுவில், என் வாழ்நாள் தேய்க என்கிறார். நிலா தேய்வதற்குச் சொல்லும் அதே சொல்.

118 இன்னும் சிறியது. பாறையும் குன்றும் சேரும் இடத்தில் ஒரு சிறு குளம். தெளிந்த நீர். எட்டாம் நாள் திங்களைப் போல வளைந்த கரை. பாரியின் நாட்டில் அந்தக் கரை உடைந்துகொண்டிருக்கிறது.